பெட்டிக்குப் பின்னால் கேட்ட மெட்டு

ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்ப்பா, ஊரெல்லாம் உன் வாசிப்பைக் கேட்டு உருகுதே, உனக்கு உன் வாசிப்பைக் கேட்டா பிடிக்குமா?" என்றார். என் தோளில் கிளாரினெட் பை தொங்கிக்கொண்டிருந்தது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மத்திகிரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அறுபதுகளின் கடைசி அது. என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். அதனால் அந்தக் கேள்விக்கு என்னால் சிரிக்க முடிந்தது.

உண்மையில் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. ஊதுகிறவன் தன் வாசிப்பைக் கேட்பதே இல்லை. கிளாரினெட்டின் முனை மேல்பல்லில் பட்டுக்கொண்டே இருக்கும். ஓசை காதுக்கு வருவதற்குள் பல் வழியாக மண்டைக்குள் போய்விடும். ஊருக்குக் கேட்பது ஒன்று, எனக்குக் கேட்பது வேறொன்று. போதாததற்கு எங்கள் பேண்டில் நான் முன்வரிசை. என் பிடரிக்குப் பின்னால் சைடு டிரம். பண்ணையில் தீவனம் அளக்கிற ஆள்தான் அதை அடிப்பவர், அங்கே மூட்டையைத் தட்டுகிற அதே பலத்தோடு இங்கேயும் தட்டுவார். அவருக்கும் பின்னால், பேண்டின் கடைசியில், யூபோனியம். மாரோடு தூக்கிய பிள்ளையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் அது. அதிலிருந்து வருவது ஒரு சொட்டுக்கூட என் காதுக்கு எட்டாது.

நாங்கள் எல்லோரும் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். நான் பால் பிரிவில் இருந்தேன். யூபோனியக்காரர் காளைக் கொட்டகை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். டிரம்பெட்காரர் வீட்டில் தெலுங்கு. எங்கள் மாதா கோயில் திருநாளுக்கென்று ஆரம்பித்த பேண்டு, பிறகு கல்யாணம், சாவு என்று ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்துப் பேண்டு கழித்துக் கட்டிய வாத்தியங்களை வாங்கி, ஈயம் வைத்து ஒட்டி, ஊதினோம். சிவப்புக் கோட்டுகளைத் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி. யூபோனியக்காரரின் வயிற்றுக்குத் துணி போதாமல் பக்கவாட்டில் ஒட்டுப் போட்டிருந்தாள். அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டே நடப்பார்.

அடக்கத்துக்கு வாசிக்க அப்போது எங்களிடம் இருந்தவை எல்லாம் பழைய பாட்டுகள். வாசித்து வாசித்து எனக்கே சலித்துவிட்டது. நானாக ஒரு மெட்டுப் போட்டேன். சவப்பெட்டியைத் தூக்குகிறவர்கள் எடுத்து வைக்கிற காலுக்குத் தகுந்த மெதுவான நடை. நடுவில் டிரம் எல்லாம் நின்றுவிடும். கிளாரினெட் மட்டும் தனியாக மேலே ஏறும், உச்சியில் கொஞ்சம் நிற்கும். அப்போது யூபோனியம் அடியிலிருந்து அதற்குப் பதில் சொல்லும். அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் வந்தால் கூட்டம் அப்படியே அடங்கிவிடும். மாரில் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். தேன்கனிக்கோட்டை, சூளகிரி, குருபரப்பள்ளி வரைக்கும் ஆள் அனுப்பி, "அந்த மெட்டு வாசிக்கிறவங்க வேணும்" என்று கூப்பிட்டார்கள். மாதா கோயில் பக்கமே வராத ரெட்டியார் வீட்டுச் சாவுக்குக்கூடப் போயிருக்கிறோம்.

எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். சாவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவி புறக்கடையில் வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். ஓசூர்க் குளிருக்கு அந்தத் தண்ணீர் மேலே படும்போது சொர்க்கமாக இருக்கும். குளித்துக்கொண்டே அந்த மெட்டை முனகுவேன். எந்த இடத்தில் கூட்டம் அடங்கியது, எந்தக் கிழவர் கண்ணைத் துடைத்தார் என்று தட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவளிடம் சொல்வேன். செத்தவர் யார் என்பது பாதி நாள் என் வாயில் வராது. அவள்தான் கேட்பாள்.

"பாவம், சின்னப் புள்ளைங்க இருக்குதா?"

"இருக்கும்போல" என்பேன்.

பயிற்சி எல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தீவனக் கொட்டகையில்தான். அவள் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எப்படி இருக்குது?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "நல்லாத்தான் இருக்குது. சாப்பிட வாங்க" என்பதுதான் பதில். ஒருமுறை வற்புறுத்திக் கேட்டேன். "அந்த நடு இடம், பெரிய குழாயில பதில் சொல்றாரே, அது வெளியில இருந்து எப்படிக் கேக்குது?" அவள் களி கிளறுவதை நிறுத்தாமல், "வெளியில நின்னு கேட்டாத்தானே தெரியும்? ஒருநாள் நீங்களும் நின்னு கேளுங்க" என்றாள். எங்கே நிற்பது? நான் வெளியே வந்தால் வாசிப்பது யார்?

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், ஓசூர் ஆஸ்பத்திரி, பிறகு பெங்களூர். பெங்களூரிலிருந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் பால் பிரிவுக்குப் போய்விடுகிற நேரமெல்லாம் அவள்தான் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் ரகசியம் பேசுகிற சிநேகிதிகளைப் போலக் குசுகுசு என்று பேசிக்கொண்டிருப்பார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரு விடியற்காலையில் மகள்தான் வந்து என்னை எழுப்பினாள்.

எங்கள் பேண்டில் ஒரு முறை உண்டு. யார் வீட்டில் துக்கமோ அவன் அன்றைக்கு வாத்தியத்தைத் தொடக் கூடாது. மற்றவர்கள் காசு வாங்காமல் வந்து வாசிப்பார்கள், அவன் பெட்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடக்க வேண்டும். எனக்குப் பதிலாக கிளாரினெட் வாசிக்க ஆனேக்கல்லிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாண பேண்டுக்காரர், எங்களோடு இரண்டொரு அடக்கத்துக்கு வந்து அந்த மெட்டைப் பிடித்து வைத்திருந்தார். அவர் பஸ் இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, தன் ரீடு ஓரத்தில் பிளந்துவிட்டது, ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

கிளாரினெட்டில் பேசுவதெல்லாம் முனையில் கட்டுகிற அந்த நாணல் சீவல்தான். ஒரு டப்பா வாங்கினால் உருப்படியாக ஒன்றிரண்டு தேறும். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு புறக்கடைக் கதவோரம் போய் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முன்னறையில் பொம்பளைகள் ஒப்பாரி. மகள் வந்து, "அப்பா, அம்மா கையில ஜெபமாலை சுத்தணும், உங்களைக் கூப்பிடறாங்க" என்றாள். "தோ வர்றன்" என்றேன். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு ரீடுகளைப் பார்த்தேன். ஈஸ்டருக்கென்று வைத்திருந்த நல்ல ரீடையே எடுத்து ஆனேக்கல்காரர் கையில் கொடுத்தபோது, செத்தவளுக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி எனக்கு. நான் உள்ளே போவதற்குள் என் அக்காவே ஜெபமாலையைச் சுற்றிவிட்டாள்.

டிரம்காரர் வாசலில் காத்திருந்தார். "என்னா மெட்டு வாசிக்கட்டும்?" என்று கேட்டார்.

"என்னா கேள்வி இது? நம்ம மெட்டுதான்."

பக்கத்தில் நின்ற மகள், "அப்பா..." என்றாள். அவள் முகம் கோணிக்கொண்டு போனது. என் அக்கா, "வா கண்ணு, உள்ள வா" என்று அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அழத்தான் போகிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் காலையிலிருந்து அழுகை வரவில்லை. வரும், பெட்டியைத் தூக்கும்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் பெட்டியைத் தூக்கினார்கள். பழைய துக்கப் பாட்டு ஒன்றை முதலில் வாசித்தார்கள். அவள் தைத்த சிவப்புக் கோட்டுகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன, யூபோனியக்காரர் அன்றைக்கு ஒட்டுத் துணியை மறைக்கவில்லை. அதைப் பார்த்ததும் கண் நிறைந்தது. என் வலது கை மகளின் கைக்குள் இருந்தது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தபோது பாட்டு முடிந்து, என் மெட்டு ஆரம்பித்தது.

வந்த அழுகை வந்த வழியே போய்விட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனேக்கல்காரர் நான் வாசிப்பதைவிட நிதானமாக வாசித்தார். இழுக்கிறாரே, மூச்சு போதுமா இந்த ஆளுக்கு, என்று மனசுக்குள் திட்டினேன். டிரம் நின்றது. கிளாரினெட் தனியாக மேலே ஏறியது. நான் கொடுத்த ரீடு வேலை செய்தது. உச்சியில் அவர் நின்றார், நான் நிற்பதைவிட ஒரு மூச்சு அதிகமாகவே நின்றார். அப்போது பெட்டிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், அந்தப் பெரிய பித்தளைக்குள்ளிருந்து பதில் வந்தது. மேலே ஒருத்தர் கேட்கிறார், கீழே ஒருத்தர் சொல்கிறார். இத்தனை வருஷம் நான் பாதியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன், முழுசை அன்றைக்குத்தான் கேட்டேன். இது நான் போட்டதா என்று இருந்தது. உடம்பு சிலிர்த்தது. தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள், "அடடா" என்றேன்.

என் தோள் குலுங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்த அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழுடா, அழுது தீத்துடு" என்றாள்.

மெட்டு திரும்ப முதலிலிருந்து வந்தது. ஆனேக்கல்காரரோடு நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். எப்படி என்கிறீர்களா? மகளின் உள்ளங்கையில். என் விரல்கள் அவள் கையைக் கிளாரினெட் என்று நினைத்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தன. எனக்கே தெரியவில்லை. அவள் குனிந்து என் விரல்களைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு பின்னால் போய் அத்தையோடு சேர்ந்துகொண்டாள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நான் தனியாகத்தான் நடந்தேன், ஒரு ஸ்வரம் விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தேன். குழிக்குள் பெட்டி இறங்கியபோதும் எனக்கு அழுகை வரவில்லை. மண் போட்டுவிட்டு வந்தேன்.

வாத்தியார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பிடிக்கும் சார். பெண்டாட்டி பெட்டியில் போகும்போதுகூடப் பிடிக்கும்.

அதன் பிறகு மகள் என்னோடு பேசினாள், பேசாமல் இல்லை. சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் என்று தேவையானதைப் பேசினாள். ஆனால் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்காரமாட்டாள். தட்டைக் கொடுத்தால்கூடக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போவாள். அவள் பார்த்துவிட்டாள், எல்லாம் தெரிந்துகொண்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்தது. தாயைப் புதைக்கப் போகிற வழியில் பாட்டை ரசித்துக்கொண்டு வந்த அப்பனை எந்தப் பிள்ளைதான் தொடும்? அவள் என்னை வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. இனி இருக்கிற ஒருத்தியும் இப்படியே தள்ளித் தள்ளிப் போய்விடுவாள் என்கிற பயம் எனக்கு.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றேன். "சாமி, என் மனைவி அடக்கத்துல நான் பேண்டை ரசிச்சிட்டேன்" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். எந்தக் கட்டளைக்குக் கீழே இதை வைப்பது என்று அவருக்கும் புரியவில்லைபோல. "துக்கத்துல மனசு எங்கெங்கேயோ போகும்ப்பா. அது பாவத்துல சேராது" என்றார். வேறு பாவம் உண்டா என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் பாவம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை.

கிளாரினெட்டை எடுக்கவே இல்லை. மழைக்காலம் வந்தது. ஒருநாள் டிரம்காரர் வந்து உட்கார்ந்தார். "குருபரப்பள்ளியில பெரிய குடும்பம், பெரியவர் தவறிட்டார். அந்த மெட்டுதான் வேணுமாம். ஆனேக்கல்காரரு வேற கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாரு. நீ வரலைன்னா பேண்டையே கலைச்சிடலாம்" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

பல் வழியாகக் கேட்கிற பழைய ஓசைதான், ஆனாலும் வாசிப்பு நன்றாக வந்தது. அந்த நடு இடத்தில் பின்னால் யூபோனியம் என்ன சொல்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும், அதற்காக உச்சியில் ஒரு மூச்சு அதிகமாக நின்றேன். கூட்டம் அடங்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், புறக்கடையில் வெந்நீர் தயாராக இருந்தது. மகள் போட்டு வைத்திருந்தாள். தண்ணீரை மொண்டு ஊற்றினேன். இரண்டாவது சொம்பிலேயே முனக ஆரம்பித்துவிட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும்தான் வாய் நின்றது.

அவசரமாக வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். மகள் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் பாவி அப்பா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ என்னா செஞ்ச?" என்றேன்.

"அம்மா என்கிட்ட ஒண்ணு சொல்லி வச்சாங்க. நான் சொல்லாம விட்டுட்டன். அன்னிக்கு வாசல்ல சொல்ல வந்தன். அத்தை கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அத்தனை பேரு முன்னால வாய் வரலை."

"என்னா சொன்னாங்க?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் குரலே வந்தது போல இருந்தது எனக்கு. "'எனக்கு மட்டும் அந்த மெட்டு வேண்டாம்னு உங்கப்பாகிட்ட சொல்லிடு. நான் சொன்னா கோவிச்சுக்குவாரு. அது கேட்டா மனுஷன் அழமாட்டாரு, கேட்டுக்கிட்டே இருப்பாரு. எனக்காவது அவரு அழணும்.' இதான் சொன்னாங்க. நான் சொல்லியிருந்தா நீங்க அழுதிருப்பீங்க. உங்க விரல் ஆடுறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்னாலதான்னு. அதுக்கப்புறம் உங்க கையைத் தொடவே பயமா இருந்தது."

இத்தனை மாதமும் அவள் தள்ளி உட்கார்ந்தது அதற்காக. என்னை வெறுத்து அல்ல. நான் செய்ததைத் தான் செய்ததாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்று அவள் அம்மா பயந்ததும் சரிதான். என் மெட்டு வேண்டாம் என்று யார் சொன்னாலும் நான் கோபித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பைத்தியம்" என்றேன். "நான் அழலைன்னு யாரு சொன்னது? நீ கையை விட்டுட்டுப் போன பிறகு எத்தனை அழுகை அழுதன் தெரியுமா? அதுக்கு முன்னாலயே உங்கத்தை என் முதுகைத் தடவிக் குடுத்தாளே, அழுடா அழுடான்னு. நீ கேக்கலையா?"

அவள் யோசித்தாள். அத்தை முதுகைத் தடவியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "ஆமா, தடவினாங்க" என்றாள் மெதுவாக. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "நிஜமாவா அப்பா?"

"நிஜம்தான்" என்றேன்.

அன்றைக்கு அவளே எனக்குச் சோறு போட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் சொன்னாள். நான் அந்தப் பொய்யை எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு மன்னிப்பு கிடைத்துவிடும்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பேண்டு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டு வரும். அந்த வருஷத்தில் யார் வீட்டில் சாவோ அவர்கள் வாசிக்காமல் தங்கள் கல்லறையோரம் நிற்க வேண்டும். நல்ல பனி. நானும் மகளும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நின்றோம். மகள் குனிந்து, காற்றில் அணையப் போன திரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மண்ணிடம் சொன்னாள்.

"அம்மா, அப்பா அழுதாராம்."

தோட்டத்தின் அந்தக் கோடியில் டிரம் நின்றது. கிளாரினெட் தனியாக ஏறியது, ஆனேக்கல்காரர்தான். பிறகு அடியிலிருந்து யூபோனியம். நன்றாகத்தான் இருந்தது. மகள் நிமிர்ந்து என் கையைப் பிடிக்க வந்தாள். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.